மந்திரி மேல் புகார்

மார்ச் 3, செவ்வாய்

மாலையில் மந்திரி அக்காவைக் கடித்துவிட்டார்.

ஆறு வருடங்களாக என் மேசையில், மெய்ப்புத் தாள்களின் மேல் படுத்துத் தூங்குவதைத் தவிர வேறெந்தக் கடமையும் ஆற்றாத பூனை. அதற்காகத்தான் அந்தப் பெயரையே வைத்தோம். முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டு எங்களோடு தங்க வந்திருக்கும் அக்கா, இன்று வாக்கரை நகர்த்திக்கொண்டு பின்னறையிலிருந்து கூடத்துக்கு வந்தாள். சோபாவிலிருந்த மந்திரி தலையை உயர்த்தினார். மூக்கைச் சுருக்கினார். நான் பார்த்தது அவ்வளவுதான். மறுகணம் அக்காவின் கணுக்காலைக் கவ்விக்கொண்டு தொங்கினார்.

அக்கா அலறவில்லை. கணக்கு டீச்சராகவும் தலைமையாசிரியையாகவும் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். அலறுவது மற்றவர்களின் வேலை என்று பழகிவிட்டது. "இதைக் கழட்டு" என்றாள் என்னிடம், பல்பைக் கழற்றச் சொல்வதுபோல.

மனைவி டயாலிசிஸ் நர்ஸ். காயத்தைக் குழாயடியில் பிடித்துக் கழுவிக்கொண்டே பேசினாள்: "மந்திரிக்கு ரேபிஸ் ஊசி போட்டிருக்கு, அந்தப் பயம் இல்ல. ஆனா அண்ணிக்குப் புது மூட்டு வச்சு இன்னும் ஆறவே இல்ல. பூனைப்பல்லு ஊசி மாதிரி. உள்ள போயி அழுக்க வச்சிட்டு வந்துடும். அது ரத்தத்துல ஏறி மூட்டுல போய் உக்காந்துச்சுன்னா, வச்சத எடுத்துட்டுத் திரும்ப அறுக்கணும். புரியுதா?"

புரிந்தது. மந்திரி சோபாவுக்கடியில் போய் உட்கார்ந்து, யாரோ தன்னைக் கடித்துவிட்டதுபோல நடுங்கிக்கொண்டிருந்தார்.

மார்ச் 4, புதன்

"இந்த வீட்ல யாரு இருக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் ஒண்ணும் சொல்லல" என்கிறாள் அக்கா. காலையிலிருந்து ஓயாமல் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாள்.

மார்ச் 9, திங்கள்

மறுபடியும். அதே மாலை நேரம், அதே கூடம். இந்த முறை முழங்கைக்குக் கீழே. பிரித்துவிடப் போன எனக்கும் கிடைத்தது. ஆனால் எனக்குக் கிடைத்தது வழியில் நின்றதற்கு.

ஒன்று உறுத்துகிறது. மனைவி அக்காவைவிடப் பக்கத்தில் நின்றிருந்தாள். மந்திரி அவள் காலைச் சுற்றிக்கொண்டு போய் அக்காவின் மேல் பாய்ந்தார். அக்கா என்ன செய்தாள்? வந்த நாளிலிருந்து அவரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. "மிருகத்த நடு வீட்ல வச்சுக் கொஞ்சறவங்களுக்கு வேற வேலை இல்லன்னு அர்த்தம்" என்று என்னைப் பார்த்துத்தான் சொல்வாள், அவரைப் பார்த்தல்ல.

இரவு உணவின்போது மனைவி, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்: "இன்னொரு தடவ கடிச்சா நான் யாரையும் கேக்கப் போறதில்ல."

விலங்கு மருத்துவமனைக்குப் போன் போட்டேன். பெரிய டாக்டர் அன்பாகவே பேசினார். "ஒரே ஊசிதான். தூக்கத்துலயே போயிடும். வலிக்காது." யாருக்கு என்று சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பெரிய டாக்டர் இன்று அவராகவே கூப்பிட்டார். அவர்கள் மருத்துவமனையின் கடைசி அறையில், திங்களும் வியாழனும், விலங்குகளின் நடத்தையை மட்டும் பார்க்கும் டாக்டர் ஒருத்தி வருகிறாளாம். "போய்த்தான் பாருங்களேன். நான் தடுக்கல." கடைசிப் பெட்டியில் நின்றுகொண்டு போகலாம் என்று சொல்லும் டிக்கெட் பரிசோதகரின் கருணை அந்தக் குரலில்.

அச்சகத்து நண்பனிடம் சொல்லித் தொலைத்தேன். "பூனைக்கு மனசு டாக்டரா? அடப்பாவி, உன்னக் கூட்டிட்டுப் போகணும்னு இத்தன வருஷமா எங்க யாருக்கும் தோணலயே!"

மார்ச் 12, வியாழன்

கடைசி அறை. மேசை இல்லை. டாக்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். கைகளில் பழைய கீறல்கள், வரைபடத்தில் ஆறுகள்போல. கூண்டின் கதவைத் திறந்துவிட்டு, மந்திரி என்று ஒருவர் உலகத்தில் இருப்பதையே மறந்துவிட்டு, என்னை விசாரிக்க ஆரம்பித்தார். எங்கே தூங்குகிறார், எங்கே தின்கிறார், மணல் தட்டு எங்கே, எந்தக் கதவு எப்போது மூடியிருக்கும். என் கல்யாணத்துக்குக்கூட என்னைப் பற்றி இவ்வளவு விசாரிக்கவில்லை.

"கடிச்சத விடுங்க சார். அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல டாக்டர்."

"பூனை விஷயத்துல ஒண்ணும் நடக்கலன்னா, நாம பாக்கலன்னு அர்த்தம்."

முதலில் வலி ஏதும் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமாம். பல், காது, மூட்டு, ரத்தம் எல்லாம் பார்க்கிறார். வலிக்கும் பூனை கடிக்கும், அதில் ரகசியம் ஏதுமில்லை. வலி இல்லையென்றால் அடுத்த சந்தேகம்: கோபம் ஒருவர் மேல், அடி இன்னொருவருக்கு. "ஆபீஸ்ல திட்டு வாங்கினவரு வீட்டுக்கு வந்து தட்ட வீசுவாரே, அந்த மாதிரி. வெளியில வேற பூனை ஏதாவது வருதா? பாத்தாலே போதும், வாசனை பட்டாலே போதும். அந்த வேகம் எறங்கறதுக்குள்ள யாரு நடமாடறாங்களோ அவங்களுக்கு விழும்."

நான் எந்தப் பூனையையும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன். மனைவியும் பார்த்ததில்லை. அக்காவின் பின்னறை ஜன்னல்தான் பின்சந்தைப் பார்த்திருக்கிறது. கேட்டேன்.

"பூனை பாக்கறதுக்கா நான் ஜன்னல்கிட்ட உக்கார்றேன்?" என்றாள்.

அதுவரைக்கும்: அக்காவின் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு எப்போதும் தாழ். அடிக்கக்கூடாது, தண்ணீர் பீய்ச்சக்கூடாது, கத்தக்கூடாது. உயரத்தில் அவருக்கென்று ஒரு பலகை. கூடத்தில் ஒரு தடித்த மெத்தைத் திண்டு. பாய்ந்தால் நடுவில் நுழைக்க, கையை அல்ல. பதற்றத்தைத் தணிக்க ஒரு மருந்து, உணவில் கலந்து.

மார்ச் 15, ஞாயிறு

மந்திரி உணவைத் தின்றுவிட்டார். மருந்தைத் தனியாகப் பிரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்திருந்தார்.

மார்ச் 19, வியாழன்

பல் நன்றாக இருக்கிறது. மூட்டு நன்றாக இருக்கிறது. ரத்தத்தில் குறையில்லை. ஒருவருக்கு நோயில்லை என்று கேட்டு நான் இவ்வளவு சோர்ந்துபோனது இதுதான் முதல் தடவை.

டாக்டர் இன்னொன்று பார்க்கலாம் என்றார். வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும் மாலையில் உடம்பில் போட்டிருந்த துணி ஒன்று, தனித்தனிப் பையில் கட்டிக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றாக மந்திரியின் முன்னால் வைத்துப் பார்ப்பாராம்.

அக்காவிடம் சொன்னேன். "மோந்து பாக்கறதுக்கா? ஒரு பட்டதாரி டாக்டர்?" என்றாள். ஆனாலும் மாலையில் மடியில் போட்டுக்கொள்ளும் சால்வையைத் தருவதாக ஒப்புக்கொண்டாள்.

மார்ச் 23, திங்கள்

என் சட்டைக்குக் கொட்டாவி விட்டார். மனைவியின் ஆஸ்பத்திரிக் கோட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துபோனார். அக்காவின் சால்வையை முகர்ந்தார், சுற்றி வந்தார், முன்கால்களால் மாற்றி மாற்றி மிதித்து மெத்தையாக்கி, அதன் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டார்.

நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"வாசனை இல்ல போல. நான் வேற மாதிரி நெனச்சேன்" என்றார். குறிப்பேட்டில் ஏதோ எழுதி, அதை அடித்துவிட்டு: "சார், ஒண்ணு சொல்லிடறேன். காரணம் தெரிஞ்ச கடிக்கு வழி உண்டு. காரணம் தெரியாத கடிய, சரியாயிடும்னு சொல்லி உங்க அக்கா கால்ல நான் பரீட்சை பண்ணிப் பாக்க முடியாது."

பொய் சொல்லியிருக்கலாம். பெரிய டாக்டராக இருந்தால் சொல்லியிருப்பார்.

மார்ச் 26, வியாழன்

தாழ்ப்பாள். நான்தான். அக்காவுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும்போது — சாத்தினேன், தாழ் போடவில்லை. ஒரு நிமிஷம்கூட இல்ல. கதவு இடுக்குல நுழைஞ்சு... அவ மணிக்கட்டுல பல்லு அப்படியே எறங்கிடுச்சு. திண்டு எங்க, என்ன எங்க. எதுவும் கைக்கு வரல. வெறுங்கையால இழுத்தேன். விடமாட்டேங்கறான். இவனா என் மேசைல தூங்கறவன்?

அக்கா ஆஸ்பத்திரியில். காய்ச்சல் ஏறுகிறது. நரம்பில் மருந்து ஓடுகிறது. மூட்டு டாக்டர் வந்து முழங்காலை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

என்னத்த எழுதறது.

மார்ச் 27, வெள்ளி

காய்ச்சல் இறங்கியது. மூட்டுக்குப் பழுதில்லை. சாயங்காலம் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மனைவி பெரிய டாக்டருக்குப் போன் செய்தாள். திங்கட்கிழமை காலை, முதல் ஆளாக. என்னைக் கேட்கவில்லை, கேட்கமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். அப்புறம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் இருந்தாள். வெளியே வந்தபோது தலை நனைந்திருக்கவில்லை.

மார்ச் 28, சனி

அக்காவின் கையில் கட்டு. ஆகவே ரத்தம் பட்ட சால்வையைத் துவைக்கும் பொறுப்பு எனக்கு.

வெளிச்சத்தில் பிடித்து உதறினேன். ரோமம். நிறைய. ஆரஞ்சு நிறம்.

மந்திரி சாம்பல். எங்கள் வீட்டில் ஆரஞ்சு நிறத்தில் இருப்பவர் யாருமில்லை.

அப்படியே நின்றேன். பிறகு சால்வையைத் துவைக்காமல் பையில் போட்டுக் கட்டி அக்காவின் அறைக்கு எடுத்துப்போனேன்.

"அக்கா, அன்னிக்கு டாக்டருக்குக் குடுத்தனுப்பினியே, அத துவைச்சுட்டா குடுத்தே?"

"பின்ன? நாலு பேர் பாக்கற எடத்துக்கு அழுக்குத் துணியையா அனுப்புவாங்க? இஸ்திரியும் போட்டுத்தான் குடுத்தேன்."

"மோந்து பாக்கறதுக்குத்தானே கேட்டாங்க!"

"மோந்து பாக்கறது பூனை. அதைப் புடிச்சுக்கிட்டு நிக்கறது மனுஷங்கதானே? இன்னார் வீட்டுப் பொம்பள இப்படின்னு நெனக்க மாட்டாங்களா?"

மந்திரியின் உயிர் தொங்கிய ஒரே பரிசோதனைக்கு நாங்கள் சோப்பின் வாசனையை அனுப்பியிருக்கிறோம். அந்தப் பையைக் கொண்டுபோனவன் நான். மடிப்புக் கலையாமல் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். விட்டுப்போன புள்ளியைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன்.

ரோமத்தைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பையை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

மாலையில் காலணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போனேன். என் வீட்டையே வேவு பார்க்க.

பின்னறை ஜன்னல் திறந்திருந்தது. கம்பிகளுக்குள் பாதி, வெளியே பாதியாக ஒரு பெரிய ஆரஞ்சுக் கடுவன் பூனை. ஒரு காதில் பாதி இல்லை. முன்பாதி அக்காவின் மடியில். கட்டுப் போடாத கையால் எதையோ ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடா ஐயா, இன்னிக்கு லேட்டு? எவன்கூட சண்ட? ம்? மெதுவா. மெதுவா சாப்பிடு. யாரும் புடுங்கமாட்டாங்க."

அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அவள் தம்பியாக இத்தனை காலம் இருந்தும்.

திருடனைப்போல நடந்து திரும்பினேன்.

சொல்லிவிட்டால் மந்திரி பிழைப்பார். ஆனால் கூடத்தில், என் மனைவிக்கு முன்னால், அக்காவை நிற்கவைத்து... ஆயிரம் பிள்ளைகளை முட்டிபோட வைத்தவள். கடி வாங்கினாள், காய்ச்சலில் கிடந்தாள், அப்போதும் சொல்லவில்லை. எதற்காகச் சொல்லவில்லை? தெரிந்துதான் சொல்லவில்லையா? இரண்டையும் அவள் சேர்த்தே யோசிக்கவில்லையா? பூனை பாக்கறதுக்கா நான் உக்கார்றேன் என்றாளே. நினைத்துப் பார்த்தால் அது பதிலே இல்லை. கேள்விக்குக் கேள்வி. வாத்தியார் புத்தி.

உள்ளே போய் அவள் கட்டிலருகே நின்றேன்.

"நாளைக்குக் காலைல மந்திரிக்கு ஊசி."

"தெரியும்."

"வெளியில வேற பூனை வருதான்னு அந்த டாக்டர் கேட்டாங்க. அது மட்டும் தெரிஞ்சா வழி இருக்குன்னாங்க."

அவள் விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். நீவிக்கொண்டே இருந்தாள்.

"போய்ப் படு" என்றாள்.

காலையில் அவள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். எழுதிவிட்டேன், இனி மாற முடியாது. (மாறுவேன். என்னை எனக்குத் தெரியும்.)

மார்ச் 30, திங்கள்

காலையில் கூண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், காரின் முன்சீட்டில் அக்கா. வாக்கர் மடித்துப் பக்கத்தில். மடியில் ஒரு பை.

"அண்ணி, நீங்க எதுக்கு?" என்றாள் மனைவி.

"கடி வாங்கினவ நானு. நான் இல்லாம என்ன தீர்ப்பு?"

வழியெல்லாம் மந்திரி கூண்டுக்குள்ளிருந்து மெலிதாக ஒரு குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். சொல்ல வேண்டியதை நான் சிக்னலுக்குச் சிக்னல் தள்ளிப்போட்டேன்.

பெரிய டாக்டர் ஊசித் தட்டோடு தயாராக இருந்தார். கையொப்பமெல்லாம் மனைவி போட்டாகிவிட்டது. அவர் கூண்டின் கதவில் கைவைத்தார்.

"நில்லுங்க" என்றாள் அக்கா. டாக்டரின் கை நின்றது; படித்த காலத்துப் பழக்கமாக இருக்கலாம். "அந்தக் கடைசி ரூம் பொண்ணக் கூப்பிடுங்க."

நடத்தை டாக்டர் வந்தார். அக்கா பையை மேசையில் வைத்தாள்.

"இது துவைக்காதது" என்றாள்.

அவர் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எல்லோரையும் சுவரோரம் நிற்கவைத்து, பையைப் பிரித்து, ஒரு குச்சியால் சால்வையின் நுனியைக் கூண்டின் கம்பியருகே நீட்டினார்.

மந்திரி முகர்ந்தார். மூக்கைச் சுருக்கினார். அந்த மூக்குச் சுருக்கம்! முதுகு வில்லாயிற்று, வால் புடைத்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுந்து, கூண்டே மேசையில் நகருமளவுக்குக் கம்பியில் மோதினார். டாக்டர் சால்வையைப் பறித்துப் பைக்குள் திணித்துக் கட்டி, கூண்டின் மேல் போர்வையைப் போட்டார்.

"யாரு அந்தப் பூனை?"

"சந்துல திரியறது" என்றாள் அக்கா. "ஐயான்னு கூப்பிடுவேன்."

மனைவி மெதுவாக அவள் பக்கம் திரும்பினாள். "ஏன் அண்ணி சொல்லல?"

"சொன்னா அத வெரட்டுவீங்க. இத வச்சுக்குவீங்க." அக்கா சுவரைப் பார்த்தே பேசினாள். "இத அனுப்பிட்டா ரெண்டு நாள்ல எல்லாம் மறந்துடும்னு நெனச்சேன். நேத்து ராத்திரி பூரா கணக்கு போட்டுப் பாத்தேன். அதுக்கு சோறு போட்டதுக்கு இது சாகணும்னா, கணக்கு இடிக்குது. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்திருக்கேன். தப்பான விடைக்குக் கீழ கையெழுத்து போட வரல."

மனைவியின் வாயில் வந்தது என்னவென்று எனக்குத் தெரியும். விழுங்கினாள். பிறகு நடத்தை டாக்டரைப் பார்த்து, வார்டில் ஷிப்ட் மாறும்போது கேட்கும் குரலில்: "அடுத்து என்ன பண்ணணும்?"

"ரொம்ப சந்தோஷப்பட்டுடாதீங்க. காரணம் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். இப்ப அவனுக்கு உங்க அண்ணின்னாலே எதிரின்னு பதிஞ்சிருக்கும். அதை அழிக்கணும். அழியாமலும் போகலாம்."

பெரிய டாக்டர் தட்டை உள்ளே எடுத்துப்போனார்.

ஏப்ரல் 4, சனி

ஐயாவைக் கூண்டு வைத்துப் பிடித்துக் கருத்தடை செய்தாயிற்று. அவருக்கும் அக்காவுக்கும் ஒரே வாரத்தில் ரேபிஸ் தடுப்பூசி. முடியில் உண்ணி இருக்கிறதா என்று தேடிவிட்டு மனைவி இருவரையும் ஒரே பார்வை பார்த்தாள்.

இனி ஐயாவுக்குச் சாப்பாடு தெருக்கோடியில், காவலாளியின் அறைக்குப் பின்னால். ஜன்னலின் கீழ்ப்பாதிக்குப் பால்நிறத் தாள். அக்கா திரும்பி வந்ததும் வாசலிலேயே கைகழுவி உடை மாற்ற வேண்டும். அப்புறம்தான் வீட்டுக்குள்.

ஏப்ரல் 9, வியாழன்

தைத்த இடம் ஆறியதும் விட்டார்கள். விட்டதிலிருந்து ஐயாவைக் காணோம். அக்கா என்னோடு பேசுவதில்லை. மந்திரிக்காக நாங்கள் செய்த கொலை இது என்பதுபோல வாக்கரைத் தரையில் ஊன்றுகிறாள்.

ஏப்ரல் 13, திங்கள்

வந்துவிட்டாராம், காவலாளி சொன்னான். அக்கா தெருக்கோடி வரை நடந்தாள். நடக்கச் சொல்லி மூட்டு டாக்டர் கெஞ்சியபோதெல்லாம் அவளுக்கு மயக்கம் வந்தது. இன்று வரவில்லை.

ஏப்ரல் 22, புதன்

கதவை ஒரு சாண் திறந்து, இந்தப் பக்கம் மந்திரி, கழுத்தில் அல்ல, உடம்பில் வார். அந்தப் பக்கம் அக்கா, நாற்காலியில், அசையாமல். மந்திரியின் முன்னால் தட்டில் அவருக்குப் பிடித்த மீன். டாக்டர் சொன்னபடி: அவர் தின்றால் தொடரலாம், முறைத்தால் கதவு.

முறைத்தார். கதவு.

"மார்க் குறைஞ்சு போச்சா?" என்றாள் அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து. குரலில் கேலி குறைவாகவும் கவலை அதிகமாகவும் இருந்ததாகப் பட்டது.

மே 4, திங்கள்

தின்றார். ஒரு கண் அவள் மேல். முழுத் தட்டும்.

மே 7, வியாழன்

வாக்கர் நகர்ந்ததும் சீறினார். திண்டோடு ஓடினேன். பாயவில்லை. பலகைமேல் ஏறிப் போய்விட்டார். போனில் சொன்னேன். "போனாரா? அவரா போனாரா? சார், அதுதான் வேணும்" என்றார் டாக்டர். மனைவி இன்னும் ஒவ்வொரு மாலையும் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அக்காவின் கால்களைத்தான் பார்க்கிறாள்.

மே 19, செவ்வாய்

மெய்ப்பு முடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். அக்காவின் அறைக்கதவு முழுதாகத் திறந்திருந்தது. வாசற்படியில், குறுக்காக, வயிற்றைக் காட்டிக்கொண்டு மந்திரி தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே, வாக்கரைப் பிடித்தபடி அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது, காபிக்குக் கிளம்பியிருக்கிறாள்.

நான் திண்டைத் தேடவில்லை. அதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

"தூக்கிடட்டுமா?" என்று சைகை செய்தேன்.

"சும்மா இரு" என்றாள் மெல்லிய குரலில். "தூங்கறவன எழுப்பாதே. நான் என்ன, பஸ்ஸா பிடிக்கணும்?"